சோடியாகத் தரமாட்டேன்

மகனுக்கு,

மைதிலியின் தாலிக்குப் பொன்னுருக்கல் முடிந்து நான்கு நாளாகிறது. நீ அனுப்பிய வட்ஸ்அப் செய்தியை ஒரு தடவைதான் வாசித்தேன். ஒரு தடவையே போதும் என்ற அளவுக்கு அது தெளிவாக இருந்தது. "அம்மா, சண்டை வேண்டாம். ஒரு சோடியாக் குடுங்கோ, பிறகு நாங்கள் பாத்துக்கொள்ளுறம். மைதிலியின்ரை அம்மாவுக்கு ஒருக்கா போன் எடுத்து மன்னிப்புக் கேளுங்கோ." இதற்கு 'மாட்டேன்' என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பியிருப்பேன். அப்படிக் காரணம் சொல்லாமல் மறுக்கும் உரிமையை எட்டு வருடத்துக்கு முன்பே நான் இழந்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். பொன்னுருக்கலன்று நடந்தது நாற்பது பேருக்கு முன்னால் நடந்தது. ஆகவே பதிலையும் நான் உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. யார் வாசித்தாலும் எனக்குச் சம்மதம்.

நீ பட்டு வேட்டியோடு பத்தருக்கு எதிரே இருந்தாய். புகை வந்தால் அலறுமென்று அப்பா அலாரத்தின் பற்றரியைக் காலையிலேயே கழற்றி வைத்திருந்தார். பத்தர் சின்னச் சட்டியில் நெருப்பை ஊதிக்கொண்டிருந்தார். தாலிக்கான பொன் அப்போதுதான் இளகத் தொடங்கியிருந்தது. மைதிலியின் அம்மா என்னிடம் அன்பாகத்தான் கேட்டார். "பிள்ளையளின்ரை புது வீட்டுக்கு உங்கடை பண்ணையிலை இருந்து அல்பாக்கா வருதாமே. ஆணும் பெண்ணுமா நல்ல வெள்ளைச் சோடியாப் பாத்துத் தாங்கோ. படத்துக்கும் வடிவா இருக்கும்." நான் சொன்னேன், "சோடி இல்லை. மூண்டு தாறன். மூண்டும் பெண்." அவ்வளவுதான் நான் சொன்னது. பத்தர் ஊதுவதை நிறுத்தினார். மைதிலியின் அப்பா நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "மூண்டும் பொம்பிளையளோ? எங்கடை மகளோடை நாலாச்சு. பாவம் மருமோன்," என்றார். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு அது முடிந்திருக்கும். ஆனால் உன் பெரிய மாமி, உன் அப்பாவை வளர்த்த அக்கா, என் காதுக்குக் கிட்ட வந்து, "பிள்ளை, பொன் உருக்கிற நேரத்திலை மூண்டு எண்ட கதையை எடுக்காதையும்," என்றார். பிறகு, "எந்த மூண்டு?" என்று கேட்டார். இரண்டு இளசுகளும் தேவியும் என்றேன். "அந்த மலட்டையோ?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் ஊதுகுழல் நின்றிருந்த அறையில் மெதுவாகச் சொன்னதும் எல்லோருக்கும் கேட்டது. மைதிலியின் அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது, மூன்றாகக் கொடுக்கக் கூடாது என்ற வழக்கம் எனக்குத் தெரியாமல் இல்லை. அதில் நம்பிக்கை இல்லை, அவ்வளவுதான். நம்பிக்கை இல்லாத வழக்கங்கள் பலவற்றை நான் வாயைத் திறக்காமல் செய்திருக்கிறேன். உன் கலியாணத்துக்கும் செய்கிறேன். ஓரையில் நம்பிக்கை இல்லாமலே நல்ல ஓரை பார்த்துக் காரியம் தொடங்குகிறேன். அது யாரையும் நோகச் செய்யாது. ஒரு வழக்கத்துக்காக ஒரு உயிர் நோகும் என்றால்தான் நான் மறுப்பேன். இதை நான் பிந்தித்தான் படித்தேன். எப்படிப் படித்தேன் என்பதை இதுவரை உனக்குச் சொன்னதில்லை.

உனக்குப் பதினேழு வயது. அப்பா வேலைத்தலத்தில் முதுகை முறித்துக்கொண்டு வீட்டில் இருந்த வருடம். தூக்காதே, குனியாதே என்று வைத்தியர் சொன்னார். என்ன செய்யலாம் என்று சொல்லவில்லை. கோடைகாலக் கண்காட்சி ஒன்றுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனோமே, நினைவிருக்கிறதா? அங்கேதான் அவர் முதன்முதலாக அல்பாக்காவைப் பார்த்தார். செம்மறியை விட உயரம், ஒட்டகத்தின் சின்ன உறவுக்காரி, நீளக் கழுத்து, பெரிய கண். ஒன்று வேலிக்கு மேலால் கழுத்தை நீட்டி அவருடைய சட்டைப் பையை முகர்ந்தது. அப்பா ஒரு மணித்தியாலம் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. வீட்டுக்கு வந்து, "உதுகளை வளக்க முதுகு வேண்டாம், பொறுமைதான் வேணும்," என்றார். அது பிழை, முதுகும் வேண்டும். ஆனால் முதுகு முறிந்த பிறகு அவர் ஆசைப்பட்ட முதல் விஷயம் அது. நான் மறுக்கவில்லை.

நான் செய்தது வாசிப்பு. பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தவள், இங்கே வந்து ஆய்வுகூடத்தில் இரத்த மாதிரிகளோடு வேலை செய்கிறவள், வேறு என்ன செய்வேன்? மூன்று மாதம் நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வாசித்து ஒரு கொப்பி நிறையக் குறிப்பெழுதினேன். அந்தக் கொப்பி இப்போதும் என்னிடம் இருக்கிறது. அதன் முதல் பக்கத்திலேயே என் கையெழுத்தில் இருக்கிறது: இவை மந்தையாக வாழும் விலங்குகள், மூன்றுக்குக் குறைய வைக்கக் கூடாது. அடுத்த வரி: ஆணையும் பெண்ணையும் ஒரே வேலிக்குள் விடக் கூடாது, ஆண் ஓயாமல் துரத்தும், பெண் குட்டியோடு இருந்தாலும் விடாது. அந்த வரிக்குக் கீழே கோடும் போட்டிருக்கிறேன். எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

மூன்று பெண்கள் வாங்குவதாகத்தான் இருந்தோம். வாங்கப் போவதற்கு முதல் வாரம் பெரிய மாமி வீட்டுக்கு வந்தார். "வீட்டுக்கு முதல் முதலாச் சீவன் வருது. மூண்டாக் கொண்டு வராதை தம்பி. ஆணும் பெண்ணுமாச் சோடியா வாங்கு, புருசன் பெண்சாதி மாதிரி இருக்கட்டும்," என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா என்னைப் பார்த்தார். இவள் படித்தவள், இவள் சொல்வாள் என்ற பார்வை. நான் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.

ஏன் சொல்லவில்லை என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். மாமிக்கு மரியாதை என்று நீண்டகாலம் நம்பினேன். அது உண்மையில்லை. உண்மையை இப்போது சொல்கிறேன்: பிழை நடக்கட்டும், பிறகு தெரியும் என்று நினைத்தேன். முன்னால் சொல்லித் தடுப்பதை விடப் பின்னால் 'எனக்குத் தெரியும்' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. கதைக்காத பெண் என்று இந்தக் குடும்பம் என்னைப் பாராட்டியிருக்கிறது. அந்த மௌனத்தில் பாதி அடக்கம். மற்றப் பாதி கர்வம். மற்றவர்களைப் பிழைவிடப் பார்த்துக்கொண்டிருக்கும் கர்வம்.

அதோடு நிற்கவில்லை. விற்ற பெண்ணின் பெயர் மார்கரெட். பிக்கரிங்குக்கு வடக்கே, மண் றோட்டு முடிகிற இடத்தில் அவருடைய பண்ணை. இரண்டு மட்டும் விற்கமாட்டேன், அதுவும் ஆணும் பெண்ணுமாய் விற்கவே மாட்டேன் என்று அவர் திட்டமாகச் சொன்னார். அப்பா தன்னுடைய இங்கிலீசில், எங்களிடம் ஏற்கெனவே நான்கு நிற்கின்றன, இவை அவற்றோடு சேரப் போகின்றன, ஆணுக்குத் தனி வேலி இருக்கிறது என்று சொன்னார். காரில் வரும்போது யோசித்து வைத்த கதை அது. மார்கரெட் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, உண்மையா என்று கேட்டார். நான் தலையசைத்தேன். ஒரு சொல்லும் பேசாமல் ஒரு முழுப் பொய்யைச் சொன்னேன். திரும்பி வரும்போது அப்பா, "பிழை விட்டிட்டமோ?" என்று கேட்டார். நான் சொன்ன பதில் எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. "வாங்கியாச்சு. பிறகு பாத்துக்கொள்ளுவம்."

நீ அனுப்பிய செய்தியில் அதே வசனத்தைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. பயம் வந்தது.

வாடகைக்கு எடுத்த அந்த இரண்டு ஏக்கரில் அவை வந்து இறங்கிய நாளில் மாமி ஆரத்தி எடுத்தார். பெண்ணின் நெற்றி மயிரில் குங்குமம் வைத்து, 'தேவி' என்று பெயரும் வைத்தார். ஆணுக்கு அப்பா 'ராசன்' என்று பெயர் வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்காபரோவிலிருந்து கார் காராக ஆட்கள் வந்தார்கள், படம் எடுக்க. ராசன் தேவியைத் துரத்துவான். அவள் வேலியோரமாக ஓடுவாள். திரும்பி நின்று பச்சையாகக் காறித் துப்புவாள். அவள் ஏற்கெனவே வயிற்றில் குட்டியோடு வந்தவள். குட்டி தங்கிய பெண் ஆணை அண்ட விடாது, துப்பி விரட்டும். அதுவும் என் கொப்பியில் இருந்தது. வேலிக்கு வெளியே நின்றவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். "மாப்பிளைக்கு அவசரம்." "பொம்பிளைக்கு வாய் கூடிப்போச்சு." "புதுசிலை உப்பிடித்தான், போகப் போகச் சரிவரும்." நான் சிரிக்கவில்லை. ஆனால் அவர்களின் போன்களை வாங்கிப் படம் எடுத்துக் கொடுத்தது நான்தான்.

அந்தப் பனிக்காலத்தில் ஒரு சனிக்கிழமை நீ என்னோடு வைக்கோல் போட வந்தாய். தேவி கொட்டிலின் மூலையில் சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தாள். ராசன் அவளுக்கு மேலே நின்றுகொண்டிருந்தான். அவள் துப்பவில்லை, துப்பிக் களைத்துவிட்டாள். அல்பாக்காக்கள் மெல்லிய குரலில் 'ம்ம்' என்று முனகும் அல்லவா, அந்தச் சத்தம் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. நீ என்னிடம் கேட்டாய்: "அம்மா, அவ பயப்பிடுறா. ஏன் ஒருத்தரும் நடுவிலை ஒரு வேலி போடேல்லை?" எங்கள் குடும்பத்தில் அதைக் கேட்ட ஒரே ஆள் நீ. ஒரு புத்தகமும் வாசிக்காமல் கேட்டாய். நான் சொன்னேன், "அது பெரியாக்கள் பாப்பினம். நீ உன்ரை படிப்பைப் பார்." நீ தலையைக் குனிந்துகொண்டு வைக்கோலை உதறினாய். அதன் பிறகு நீ அப்படி ஒரு கேள்வியை எங்களிடம் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

மே மாதக் கடைசியில் மயிர் கத்தரிக்க ஆள் வந்தார். கால்களை நீட்டிக் கயிற்றில் கட்டி, பாயில் கிடத்தி, பத்து நிமிடத்தில் ஒரு விலங்கை முடித்துவிடுகிற கைகாரர். நீ தேவியின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். கத்தி முதுகில் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்ததும் அவர் மெஷினை நிறுத்தினார். மயிர் இருக்கும்வரை அது உருண்டு திரண்ட விலங்கு. மயிர் போனதும் தெரிந்தது வெறும் எலும்பு. முதுகுத்தண்டு கூரை முகடுபோல நின்றது. கடைசியாக எப்போது இவளின் முதுகைத் தொட்டுப் பார்த்தீர்கள் என்று அவர் கேட்டார். மாதம் ஒரு தடவை மயிருக்குள் கையை விட்டு முதுகெலும்பைத் தடவிப் பார்க்க வேண்டும், கண்ணால் பார்த்து அல்பாக்காவின் மெலிவைக் கண்டுபிடிக்க முடியாது என்பதும் என் கொப்பியில் இருந்தது. ஊரார் இரத்தத்தை நாள் முழுக்கப் பரிசோதிக்கிற நான், எட்டு மாதம் என் கண்ணுக்கு முன்னால் நின்ற ஒன்றின் முதுகில் ஒருநாள்கூடக் கை வைக்கவில்லை.

பத்து நாள் கழித்து அவள் செத்த குட்டியை ஈன்றாள். நாள் போதாத குட்டி, ஒரு பூனையளவு. மிருக வைத்தியர் கருப்பையில் கிருமி ஏறியிருக்கிறது என்றார். விடாமல் ஆண் ஏறியதால் வந்தது, தேவி பிழைப்பாள், இனி அவளுக்குக் குட்டி தங்காது என்றார். அப்பா அன்று பின்னேரமே வேலிக் கட்டைகளும் கம்பியும் வாங்கி வந்தார். மறுநாள் நீயும் அவரும் நடுவில் குழி தோண்டினீர்கள். முதுகைப் பிடித்துக்கொண்டு அவர் தோண்டியதை நீ பார்த்தாய். நான் வீட்டுக்குப் போய் மார்கரெட்டுக்குப் போன் எடுத்து உண்மையைச் சொன்னேன். அவர் அன்றைக்கே வந்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தேவியின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, நான் உன் கணவரைக் கேட்கவில்லை, உன்னைத்தான் கேட்டேன் என்றார். ராசனைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போனார். தேவிக்குத் துணையாக இரண்டு கிழட்டுப் பெண்களைக் கொண்டு வந்து இறக்கினார். இன்று எங்களிடம் நிற்கிற பதினொன்றும் அப்படித் தொடங்கியவைதான்.

இனித்தான் நான் உன்னிடம் உண்மையில் சொல்ல வந்தது. குட்டி செத்த செய்தி கேட்டு மாமி வந்தார். அழுதார். நடிப்பில்லாத அழுகை. "எத்தினை பேர் வந்து கண் வைச்சதுகள். நாவூறு பட்டிட்டுது," என்றார். நான் அப்போதும் மறுக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு வயதான மனுசியின் மனதை ஏன் நோகடிக்க வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். அன்றிலிருந்து அந்தக் குட்டி எங்கள் குடும்பத்தில் நாவூறு பட்டுச் செத்த குட்டி. தேவி ராசியில்லாத மலடு. நீயும் அந்தக் கதையோடுதான் வளர்ந்தாய். பதினேழு வயதில் சரியாகக் கண்ட பையன், இருபத்தைந்து வயதில் என்னிடம் ஆணும் பெண்ணுமாய்ச் சோடி கேட்கிறான் என்றால் அந்தக் குற்றம் உன்னுடையதல்ல. நீ கண்டதை உன் கண்ணிலிருந்து அழித்தவள் நான். மைதிலியின் அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறாய். அவரிடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. தேவியிடம் கேட்டால் அவளுக்கு விளங்காது. உன்னிடம் கேட்கிறேன்.

மிருகத்தை வைத்து மனிதருக்குப் புத்தி சொல்வது எனக்குப் பிடிக்காத வேலை. அல்பாக்காவுக்குத் தனிமை ஆகாது. எனக்கு ஆகும், நன்றாகவே ஆகும். உங்கள் இருவரையும் ராசன், தேவி என்று நான் நினைக்கவில்லை. நீ ராசனைப்போல இல்லை, மைதிலி தேவியைப்போல வாய்மூடிக் கிடக்கப் போகிறவளும் இல்லை. எனக்குள்ள கவலை வேறு. நீ தலையசைக்கிறாய். மண்டபத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று மாமி சொன்னதற்குத் தலையசைத்தாய்; அதற்கு மாறாக மைதிலியின் அம்மா சொன்னதற்கும் தலையசைத்தாய். சண்டை வேண்டாம் என்பது நல்ல ஆசைதான். ஆனால் சண்டை வேண்டாம் என்று நீ தலையசைக்கும் ஒவ்வொரு தடவையும், அந்த இடத்தில் பேச முடியாத யாரோ ஒருவர் அதன் பாரத்தைச் சுமக்கிறார். அது யார் என்று ஒரு நிமிடம் தேடிப் பார்த்துவிட்டுத் தலையசை. உன் நல்ல குணத்தைப் பலரும் என்னிடமிருந்து வந்தது என்கிறார்கள். அதனால்தான் எச்சரிக்கிறேன்.

முந்தாநாள் மைதிலி எனக்குப் போன் எடுத்தாள். பொன்னுருக்கலுக்குப் பிறகு மாப்பிள்ளையும் பொம்பிளையும் சந்திக்கக் கூடாது என்று உங்களுக்குச் சட்டம், மாமியாருக்கு அந்தச் சட்டம் இல்லை. "அன்ரி, நான் கோவமில்லை, ஜஸ்ட் தெரியோணும். ஏன் மூண்டு?" என்று கேட்டாள். நாற்பது பேரில் ஒருவரும் கேட்காத கேள்வி, நீயும் கேட்கவில்லை. இங்கே எழுதிய எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன், என் தலையசைப்பையும் சேர்த்து. பிறகு, "தேவிக்கு இப்ப ஓகேயா? அவவும் வாறாவோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "அம்மாட்டைச் சொல்ல எனக்குப் பயமாத்தான் கிடக்கு. ஆனா சொல்லுவன்," என்றாள். அந்த இரண்டு வசனத்தையும் சேர்த்து நான் என் வாழ்க்கையில் ஒருநாளும் சொன்னதில்லை. கெட்டிக்காரியைத்தான் எடுத்திருக்கிறாய்.

மைதிலியின் அம்மாவுக்கு நாளை நானே போன் எடுப்பேன். மன்னிப்புக் கேட்க அல்ல, காரணம் சொல்ல. பெரிய மாமிக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டேன். நேற்று அவருடைய வீட்டுக்குப் போய், எதிரே இருந்து, குட்டி நாவூறு பட்டுச் சாகவில்லை, நான் வாயைத் திறக்காததால் செத்தது என்றேன். "எனக்கு ஆர் பிள்ளை சொன்னது? சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டனோ?" என்றார். கேட்டிருப்பாரா, தெரியாது. கேட்டிருக்கவும் கூடும். எட்டு வருடமாக என்னால் தாங்க முடியாமல் இருந்தது அந்த 'கூடும்'தான். வெளிக்கிடும்போது, "எண்டாலும் மூண்டு நல்லதில்லை," என்றார். சரி மச்சாள் என்று நான் சொல்லவில்லை. "எனக்கு அதிலை நம்பிக்கை இல்லை மச்சாள்," என்றேன். தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

இனி வேலை. உங்கள் காணியின் பின்பக்க வேலி ஐந்தடிக்குக் குறையக் கூடாது. முட்கம்பி வேண்டாம், மயிரும் கண்ணும் சிக்கும். வேலி அவை ஓடாமல் இருக்க அல்ல, நரியும் நாயும் உள்ளே வராமல் இருக்க. கொட்டிலுக்கு மூன்று சுவர் போதும், வாசல் காற்றுக்கு மறுபக்கம் இருக்கட்டும். பனிக்காலத்தில் தண்ணீர் உறையாத வாளி வேண்டும். உங்கள் பக்கத்துப் பற்றைக்குள் மான் வரும். மானின் எச்சத்திலிருந்து தொற்றும் ஒரு புழு இவற்றின் தண்டுவடத்தைத் தின்னும். மாதம் ஒரு ஊசி போட வேண்டும், ஒரு மாதமும் தவறக் கூடாது. எப்படிப் போடுவது என்று அப்பா காட்டுவார். எல்லாமாக ஒரே இடத்தில்தான் சாணம் போடும். அந்த இடத்தை அவைதான் தெரிவு செய்யும், நீ மாற்றப் பார்க்காதே. ஊசி போடுகிற அன்றைக்கே ஒவ்வொன்றின் முதுகிலும் கை வை. மயிரைப் பார்த்து ஏமாறாதே. குட்டி எடுக்க ஆசையிருந்தால் இரண்டு வருடம் போகட்டும். அப்போது ஆண் தருகிறேன், அவனுக்குத் துணையாக இன்னொரு ஆணையும் தருகிறேன், அவர்களுக்கு வேறு வேலி. தேவியை ஏன் தருகிறேன் என்று கேட்பாய். இளசுகள் இரண்டும் இடம் மாறினால் மிரளும்; அவள் எங்கே படுக்கிறாளோ அங்கே படுக்கும். பெறாதவள் என்பதால் ஒரு மந்தைக்கு உதவாதவள் ஆகிவிட மாட்டாள். எங்கள் கொட்டிலில் எட்டு வருடமாகப் பிறந்த குட்டிகள் எல்லாம் அவளுடைய கழுத்தின் கீழேதான் நித்திரை கொண்டன.

அப்பா இந்தக் கடிதத்தை வாசித்தார். உனக்குத் தெரியும், அவர் இரண்டைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இரு என்று சொன்னவர். மார்கரெட்டின் பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டு மிச்சத்தையும் வாசித்தார். "எங்கடை ட்ரெய்லரிலை மூண்டுக்கும் இடம் காணும்," என்று மட்டும் சொன்னார். பிறகு வெளியே போய் அதன் சக்கரங்களுக்குக் காற்றுப் பார்த்தார்.

கலியாணத்தன்று நான் ஒன்றும் கதைக்க மாட்டேன். நல்ல சேலை உடுத்து, வருகிறவர்களுக்குச் சந்தனம் காட்டி, உன்னையும் அவளையும் கண் நிறையப் பார்த்துக்கொண்டிருப்பேன். அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் வளவு வாசலில் ட்ரெய்லரோடு நிற்பேன். ஆரத்தி எடுக்க ஆசைப்படுகிறவர்கள் எடுக்கட்டும், குங்குமம் வைக்கிறவர்கள் வைக்கட்டும். தேவிக்கும் வைக்க வேண்டும். கேற் திறந்திருந்தால் மூன்றையும் இறக்குவேன். பூட்டியிருந்தால் மூன்றையும் திருப்பிக் கொண்டுபோவேன். உன்னில் கோபிக்கமாட்டேன், அடுத்த ஞாயிறும் வருவேன். யார் வந்து என்னைக் கேட்டாலும், நீயே கேட்டாலும், இரண்டை மட்டும் இறக்க மாட்டேன்.

அம்மா